மொழித்தூது சுமந்த இளையோர்: பெருந்தொற்றுக் காலத்தில் குடியேறிய குடும்பங்களின் கல்லூரி மாணவர் நலம்



மொழி மன்றத்தின் மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மருத்துவம் மருத்துவர்க்கு உரியது. நாமோ சொல்லோடும் பொருளோடும் பழகியவர்கள். ஆயினும் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொவிட்-19 பெருந்தொற்று இவ்விரு துறைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. நோயைப் பற்றிய அறிவு ஒரு வீட்டுக்குள் நுழையும் வாயில் மொழி. நாட்டின் பொதுமொழி பெற்றோருக்குப் புரியாத வீடுகளில், அவ்வாயிலில் யாரேனும் ஒருவர் நின்று செய்தியை உள்ளே சேர்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அவர் அவ்வீட்டின் கல்லூரி மாணவராக இருந்தார். அவருடைய உடலும் உள்ளமும் அச்சுமையை எவ்வாறு தாங்கின என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொள்வோம். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்நாட்டுக் கல்லூரிகளில் பெருந்தொகையினராக உள்ளனர்; அவர்தம் நிலையைப் பற்றிய பதிவுகளும் நிரம்பக் கிடைக்கின்றன. அங்கே கற்கும் பாடத்தை இறுதியில் நம் சூழலோடு பொருத்திப் பார்ப்போம்.

1. யார் இந்த மாணவர்?

அமெரிக்கா 1965ஆம் ஆண்டில் தன் குடிநுழைவுச் சட்டத்தை மாற்றியது. அதன் பின்னர் ஆசியாவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் குடும்பங்கள் பெருமளவில் அங்குக் குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கல்லூரிகளில் படிக்கின்றனர். வாஷிங்டனில் உள்ள மைக்ரேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம் 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்கல்வி மாணவருள் 28 விழுக்காட்டினர், அதாவது 53 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், தாமே குடியேறியவர்கள் அல்லது குடியேறியோரின் பிள்ளைகள். 2000ஆம் ஆண்டில் இவ்விகிதம் 20 விழுக்காடாக இருந்தது.

இன்னோர் எண்ணையும் இதனருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம், ஆங்கிலத்தை மிக நன்றாகப் பேச இயலாதோர் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் எனக் காட்டுகிறது. முதல் எண் பிள்ளைகளைச் சுட்டுகிறது. இரண்டாம் எண்ணில் பல பெற்றோர் அடங்குவர். பல வீடுகளில் இவ்விரு எண்களும் ஒரே மேசையில் அமர்ந்து உணவு உண்கின்றன.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியை நினைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நிலப்பகுதி அது. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ், கரோனா ஆகிய வட்டாரங்கள் நகரிலேயே கடுமையாகத் தாக்கப்பட்டவற்றுள் அடங்கின. எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையின் வாயிலில் மக்கள் வரிசையில் நின்ற காட்சியை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. வாடகை வண்டி ஓட்டுவோர், உணவகச் சமையற்காரர், துப்புரவுப் பணியாளர், முதியோரை வீட்டில் பேணுவோர் எனப் பலரும் வாழும் தெருக்கள் அவை. அவர்களின் பிள்ளைகளுள் பலர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பயில்பவர்கள். விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் செல்பவர்கள்.

2. வீட்டுக்குள் வந்த வகுப்பறை

2020 மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோய்ப் பரவலைப் பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த சில நாள்களில் அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் மார்ச் 19 முதல் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றியது. வசதியுள்ள மாணவர்க்கு இது இடமாற்றம். நெருக்கமான குடியிருப்பில் தாத்தா பாட்டியோடும் தம்பி தங்கையரோடும் வாழ்ந்த மாணவர்க்கோ நூலகம், அமைதியான இருக்கை, நம்பகமான இணையத் தொடர்பு, கல்லூரி மருத்துவக் கூடம், மனநல ஆலோசகரின் அறை ஆகியவை அனைத்தும் ஒரே நாளில் கைநழுவிப் போயின.

பெற்றோருள் பலர் வீட்டிலிருந்து செய்யக்கூடிய தொழில் உடையவர் அல்லர். அவர்கள் நாள்தோறும் வெளியே சென்றார்கள். நாள்தோறும் தொற்றின் அச்சத்தோடு வீடு திரும்பினார்கள். பிலிப்பீன்ஸிலிருந்து குடியேறிய தாதியர் நிலை இதற்குச் சான்று. அமெரிக்கத் தாதியருள் அவர்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். ஆனால் அந்நாட்டின் தாதியர் சங்கம் ஒன்று 2020 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, கொவிட் தொற்றால் இறந்த தாதியருள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியோர் பிலிப்பினோ மரபினர். கதவுக்கு வெளியே காலணியைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குச் செல்லும் தாயை எதிர்பார்த்து, மடிக்கணினியின் முன் அமர்ந்து தேர்வு எழுதிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர்.

பொருளுதவியும் ஒழுங்காக வந்து சேரவில்லை. 2020 மார்ச் 27ஆம் நாள் சட்டமான நிவாரணத் திட்டத்தில், பெற்றோரைச் சார்ந்தவராக வரிக்கணக்கில் காட்டப்பட்ட கல்லூரி மாணவர்க்கு 1,200 டாலர் நிவாரணத் தொகை இல்லை. 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உரிய 500 டாலரும் இல்லை. பெற்றோருள் ஒருவர்க்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் இருவரும் கூட்டாக வரி செலுத்தியிருந்தால், குடியுரிமை பெற்ற மற்றவரும் பெரும்பாலும் விலக்கப்பட்டார். கல்லூரி வழியாக வழங்கப்பட்ட அவசர உதவியும், கல்வி அமைச்சின் ஏப்ரல் மாத விளக்கத்தால், ஆவணமற்ற மாணவர்க்கு மறுக்கப்பட்டது. அக்கதவு 2021 மே மாதத்தில்தான் திறந்தது.

இவற்றுக்கிடையே ஒரு சொல் செய்த தீங்கையும் நாம் கருத வேண்டும். அரசின் உதவியைப் பெற்று வாழக்கூடியவர் என்று கருதப்படும் குடியேறியோர்க்கு நிரந்தரவாசத் தகுதியை மறுக்க இடந்தரும் விதி அந்நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அதன் விரிவாக்கப்பட்ட வடிவம் 2020 பிப்ரவரி 24ஆம் நாள், தொற்று பரவத் தொடங்கிய நேரத்தில், நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின் பெயரை நேராகத் தமிழில் தந்தால் 'பொதுச்சுமை' என ஆகும். ஸ்பானிய மொழியிலும் அது சுமை என்னும் பொருளிலேயே வழங்குகிறது. கொவிட் பரிசோதனையும் சிகிச்சையும் இதில் சேரா என்று குடிநுழைவுத் துறை மார்ச் மாதத்திலேயே அறிவித்தது. ஆனால் அறிவிப்பு ஆங்கிலத்தில் நிற்க, அச்சம் தாய்மொழியில் பரவியது. 'மருத்துவமனைக்குப் போனால் நம்மைச் சுமை என்று எழுதிவிடுவார்களா?' என்று கேட்கும் தந்தைக்குச் சட்டத்தின் விதிவிலக்கை விளக்கிச் சொல்லும் பொறுப்பு, வேதியியலோ கணக்கியலோ படிக்கும் பிள்ளையின் மேல் விழுந்தது.

3. ஊதியமற்ற தூது

பெற்றோர்க்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பதை ஆங்கில ஆய்வாளர்கள் 'மொழித்தரகு' என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். தரகுக்குக் கூலி உண்டு. இப்பணிக்கோ கூலி இல்லை. எனவே நாம் இதனை 'மொழித்தூது' என்று வழங்குவோம். தூதின் அருமை தமிழர் நன்கறிந்தது. திருக்குறள் தூதுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. தூது நமக்கு ஒரு சிற்றிலக்கிய வகையும் ஆகும். ஆனால் பொருட்பாலின் தூதர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாம் பேசும் இளையோரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் அவர் ஒருவரே என்பதுதான் அவருடைய தகுதி.

இப்பணி எத்துணை அரியது என்பதை ஓர் ஆய்வு காட்டுகிறது. குளென் ஃபுளோரஸ் என்னும் மருத்துவர் தலைமையில் நடந்து 2003இல் வெளிவந்த அவ்வாய்வில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவரைக் கண்ட 13 சந்திப்புகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அவற்றில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள் காணப்பட்டன. ஒரு சந்திப்புக்கு ஏறத்தாழ 31 பிழைகள். சொன்னதை விட்டுவிடுதலே மிகுதியான பிழை. பயிற்சியின்றி அவ்வப்போது உதவியோர் செய்த பிழைகளுள் 77 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் செய்தவற்றுள் அவ்வகையின 53 விழுக்காடு. பயின்றவர்க்கே பிழை நேரும் பணியைப் பயிலாத இளையோரின் தோளில் ஏற்றுகிறோம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பெருந்தொற்றில் இத்தூது மேலும் கடினமாயிற்று. பெரும்பாலான மருத்துவமனைகள் பார்வையாளரை அனுமதிக்கவில்லை. தந்தையின் படுக்கைக்கு அருகில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் பிள்ளை கைப்பேசி வழியே சொல்ல வேண்டியதாயிற்று. உயிர்வளி அளவு குறைகிறது, செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த ஒப்புதல் வேண்டும் என்று மருத்துவர் கூறுவதை, அச்செய்தியால் தானே நிலைகுலைந்திருக்கும் மகளோ மகனோ தாய்க்குத் தாய்மொழியில் எடுத்துரைக்க வேண்டும். தூதர் செய்தியைக் கொண்டு செல்பவர் மட்டுமே என்பது பொது மரபு. இங்கே தூதர்தாம் செய்தியின் முதல் காயத்தையும் ஏற்றார்.

சொற்களும் துணை செய்யவில்லை. நோய்த்தொடர்பு ஏற்பட்டவரைப் பிரித்து வைப்பதும், நோயுற்றவரைப் பிரித்து வைப்பதும் ஆங்கில மருத்துவ வழக்கில் இருவேறு சொற்கள். முதலாவது, கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்த வெனிஸ் நகர வழக்கத்திலிருந்து பிறந்தது. நம் தமிழ் ஊடகங்களிலோ பெரும்பாலும் 'தனிமைப்படுத்தல்' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்கியது. 'சமூக இடைவெளி' என்னும் தொடரும் அத்தகையதே. இடைவெளி உடல்களுக்கிடையே வேண்டும், உறவுகளுக்கிடையே வேண்டா என்பதை உணர்த்தவே உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்னும் பொருள்தரும் வழக்கை விரும்பியது. சோதனை முடிவு 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று மயங்கிய முதியோர் பல மொழிகளிலும் இருந்திருப்பர். 'தொற்று உறுதியானது' என்று தமிழ்ச் செய்தியாளர்கள் எழுதியது இம்மயக்கத்தை நீக்கிய நல்ல ஆக்கம் எனப் பாராட்டுவோம்.

சட்டம் இத்தூதர்க்கு நிழல் தந்ததா? அரசு நிதி பெறும் மருத்துவ நிலையங்கள், அவசரநிலை தவிர ஏனைய வேளைகளில், 18 வயது நிரம்பாத பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாது என அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு விதி கூறியது. நல்ல விதிதான். ஆனால் கல்லூரி மாணவர் 18 வயது நிரம்பியவர். நேற்றுவரை பிள்ளையாக இருந்தவர் இன்று 'உடன் வந்த பெரியவர்' ஆகிவிடுகிறார். நோயாளி விரும்பிக் கேட்டால் அவரைப் பயன்படுத்திக்கொள்ள விதி இடந்தருகிறது. எந்தத் தாய்தான் முன்பின் அறியாத குரலினும் தன் மகளின் குரலை விரும்பமாட்டாள்? மேலும், மொழியுதவி கிடைக்கும் என்பதைக் குறைந்தது 15 மொழிகளில் தெரிவிக்க வேண்டும் என்றிருந்த கட்டாயம், பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்த 2020 ஜூன் மாதத்திலேயே நீக்கப்பட்டது. 2024இல் அத்தகைய அறிவிப்பு மீண்டும் விதியாயிற்று. ஆயினும், மொழியுதவியை வலியுறுத்தி 2000 ஆகஸ்டில் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை 2025 மார்ச்சில் விலக்கப்பட்டது. மொழியுரிமை ஒருமுறை பெற்றதும் நிலைத்துவிடுவதன்று என்பதற்கு இஃது ஒரு பாடம்.

4. தூதரின் துயரைச் சொல்வார் யார்?

2020 ஜூன் மாத இறுதி வாரத்தில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாடு, தடுப்பு நிலையம் நடத்திய ஆய்வில், முந்திய 30 நாளில் தம் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றித் தீவிரமாக எண்ணியதாகக் கூறிய வயதுவந்தோர் 10.7 விழுக்காட்டினர். 18 முதல் 24 வயது வரையினோரிடையே அவ்வளவு 25.5 விழுக்காடு. ஊதியமின்றிப் பெரியவர்களைப் பேணுவோரிடையே 30.7 விழுக்காடு. ஹிஸ்பானிய மரபினரிடையே 18.6 விழுக்காடு. இவ்வாய்வு குடியேறிய குடும்பங்களின் மாணவரைத் தனியே அளக்கவில்லை. எனினும் இளமை, பேணும் பொறுப்பு, குடியேறிய மரபு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் விடை தெளிவாகவே தோன்றும்.

இம்மாணவர் தம் துயரை வீட்டில் எச்சொல்லால் கூறுவார்? கல்லூரியில் உளவியல் வகுப்பிலும் ஆலோசகரிடமும் அவர் கற்ற சொற்கள் ஆங்கிலச் சொற்கள். பெற்றோரிடம் பேசும் மொழி அவர் சிறுவயதில் உண்ணவும் உறங்கவும் கற்ற மொழி. அதில் உள்ளத்தின் நோயைப் பேச அவர் பழகியதில்லை. பெற்றோரிடம் சொல்லே இல்லை என்பதும் உண்மையன்று. ஸ்பானிய மொழியினர் 'நெர்வியோஸ்' என்பர். நரம்புகளைக் குறிக்கும் அச்சொல் அச்சம், நடுக்கம், ஆற்றாமை அனைத்தையும் உணர்த்தும். சீனர் 'ஷென்ஜிங் ஷுவாய்ரூ', அதாவது நரம்புத் தளர்ச்சி, என்பர். கொரியர் அடக்கிய சினம் நோயாவதை 'ஹ்வாப்யோங்', அதாவது நெருப்பு நோய், என்பர். ஒவ்வொரு சமூகமும் துயருக்குப் பெயரிட்டே வைத்துள்ளது. கல்லூரியின் சொல்லும் வீட்டின் சொல்லும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே குறை. ஊரார் அனைவர்க்கும் மொழிபெயர்த்தவர் தம்மை மொழிபெயர்க்க இயலாமல் நின்றார்.

தமிழிலும் இக்குறை உண்டு. நாளிதழ்களில் 'மனஅழுத்தம்' என்னும் சொல், தேர்வுக்கு முன் எழும் பதற்றத்தையும் மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு நோயையும் ஒருசேரக் குறிக்கிறது. முதலாவது ஓய்வினால் தீரக்கூடும். இரண்டாவதற்கு மருத்துவர் வேண்டும். மகன் 'மனஅழுத்தம்' என்று சொல்லும்போது தாய் முதற்பொருளைக் கொண்டு, 'நன்றாகத் தூங்கு, சரியாகிவிடும்' என்பாள். அன்பில் குறைவில்லை, சொல்லில்தான் குறை.

இவ்விடத்தில் ஒருபுறமாக மட்டும் நோக்குதல் முறையன்று. மொழித்தூது துன்பம் மட்டுமே தருவதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குவாதலூப்பே வால்டெஸ், இளம் மொழிபெயர்ப்பாளர்களின் ஆற்றலைத் தனித்திறனாகவே கருத வேண்டும் என்று 2003இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். குடும்பத்துக்கு உதவியதால் பெருமிதம் அடைந்தோரும் உளர். 2020 மார்ச்சில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி, கொவிட் பற்றிய எளிய விளக்கங்களை முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஆக்கி அளித்தனர். அவர்கள் தனித்து நிற்கவில்லை, ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்தார், மருத்துவர் பார்வையிட்டனர். அதே பணி, துணையோடு செய்யும்போது திறனாக வளர்கிறது; தனியே இரவு பகலாகச் செய்யும்போது நோயாகிறது.

5. நாம் செய்யத்தக்கவை

நான்கு அதிகாரத்துவ மொழிகளைக் கொண்ட நாட்டில் வாழும் நாம் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று எண்ணக்கூடும். தமிழில் அரசின் அறிவிப்பு வருவது பெரும்பேறுதான். ஆனால் 2020இல் நம் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொற்று பரவியதை மறக்கலாகாது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான விவரப்படி, விடுதிவாழ் ஊழியருள் 47 விழுக்காட்டினர்க்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களுள் பெருந்தொகையினர் வங்காள மொழியும் தமிழும் பேசுவோர். அப்போது மருத்துவப் படிப்பில் சேரவிருந்த ஓர் இளம்பெண், மருத்துவர்கள் ஊழியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வங்காள மொழியில் ஆக்கி, ஒலிப்பதிவோடு இணையத்தில் ஏற்றினார். பாராட்டத்தக்க தொண்டு. ஆயினும் அத்தொண்டுக்கு ஓர் இளையர் முன்வரும்வரை இடம் வெறுமையாக இருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று பணிகளை இவ்வவையின்முன் வைக்கிறோம்.

முதலாவது, உடல்நல, மனநலச் சொற்களுக்கு எளிய தமிழ்க் கையேடு ஒன்று வேண்டும். அகராதி போலச் சொல்லுக்குச் சொல் தருவது போதாது. 'தனிமைப்படுத்தல் என்றால் எத்தனை நாள், யாரைப் பார்க்கலாம்' என்று பாட்டி கேட்கும் கேள்விக்கு விடை தருவதாக அது அமைய வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் ஆகியவற்றை வேறுபடுத்தும் வழக்கை ஊடகங்களும் பள்ளிகளும் கைக்கொள்ள வேண்டும். நோய் வந்தபின் சொல் தேடுதல், தீப்பற்றியபின் கிணறு வெட்டுதல் போன்றது.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தமிழ் பயிலும் மாணவர்க்கு மருத்துவ மொழிபெயர்ப்பில் முறையான பயிற்சியும், பணிக்கேற்ற ஊதியமும் தரப்பட வேண்டும். அன்புக்கு விலையில்லை, உழைப்புக்கு உண்டு.

மூன்றாவது, நம் வீடுகளில் நாமே செய்யக்கூடியது. மருத்துவரிடம் செல்லும்போது மொழியுதவி உண்டா என்று முதலில் கேட்போம். பிள்ளையைப் பிள்ளையாகவே உடன் அழைத்துச் செல்வோம். அவர் நமக்காக ஒரு கடிதத்தைப் படித்து முடித்ததும், 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்போம். விடை ஆங்கிலம் கலந்து வரலாம், பாதியில் நிற்கலாம். திருத்தாமல் கேட்போம். மொழித்தூய்மையை மறுநாள் கவனித்துக்கொள்ளலாம். அவ்விடை துயரமாக இருப்பின், தயங்காமல் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அவரை அழைத்துச் செல்வோம்.

மொழி வாழ வேண்டும் என்று இவ்வரங்கில் பலகாலம் பேசி வந்துள்ளோம். நோயுற்ற வேளையிலும் தன் மக்களுக்குப் பயன்படும் மொழியே வாழும் மொழி. அடுத்த பெருந்தொற்று எந்நாளில் வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது நம் பிள்ளைகள் தனியே தூது சுமக்காதபடி செய்வது இன்றே தொடங்கவேண்டிய பணி.